குதிரைக்கு ஏது நீலம்?

"குதிரை எந்த ஊர்லம்மா நீலமா இருக்கு?"

பின்வரிசையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு ஓவியக் கூடமே திரும்பிப் பார்த்தது.

"முப்பது வருஷமா லாடம் அடிக்கிறவன் நான். என் கையில குளம்பைக் குடுத்த குதிரை ஒண்ணுகூட நீலம் இல்லை."

நாலு பேர் சிரித்தார்கள். மூன்று நீலக் குதிரைகள் நிற்கும் ஓவியத்தின் பக்கத்தில் விளக்கம் சொல்ல நின்ற புதுப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

தூணோரம் நின்ற கண்காணிப்பாளர் அம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. ஏற்கெனவே அந்தப் பெண் பாடம் ஒப்பிப்பதுபோல் முணுமுணுத்ததில் பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். பயிற்சிக் காலத்தின் கடைசி நாள் வேறு. வேலை நிரந்தரமா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மாலைக்குள் எழுதியாக வேண்டும். இந்த நேரம் பார்த்தா இவர்?

"ஐயா, இது நூறு வருஷத்துக்கு முந்தி வரைஞ்சது. உள்ளது உள்ளபடி காட்ட அப்பவே கேமரா வந்தாச்சு," என்றாள் பெண். "குதிரையைப் பார்த்ததும் மனசுக்குள்ள என்ன ஆச்சோ, அதைத்தான் இந்த ஓவியர் வரைஞ்சார்."

"அட போம்மா! கைக்குக் கிடைச்ச சாயத்தை அள்ளிப் பூசியிருக்காரு."

"இல்லவே இல்லை!" ஓரடி முன்னால் வந்தாள். "பின்னாடி மலையைப் பாருங்க, ரத்தச் சிவப்பு. சுத்தி எல்லாமே கொதிக்குது. நடுவுல இந்த மூணு மட்டும் கழுத்தோட கழுத்து சாய்ஞ்சு நிக்குது. பழுப்பு பூசியிருந்தா இந்த அமைதி வருமா? நிறத்துக்குப் போட்டிருந்த கடிவாளத்தைக் கழட்டிவிட்ட ஓவியங்கள்ல இது ஒண்ணு, ஐயா. பின்னாடி வந்தவங்க துணிஞ்சு வரைஞ்சதுக்கு இதெல்லாம்தான் வழி விட்டுச்சு!"

லாடக்காரர் விடவில்லை. கண் ஏன் இல்லை, கால் ஏன் கோணல் என்று துளைத்தார். அவளும் விடவில்லை. நழுவியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அரைமணி கழித்துக் கூடம் கைதட்டியது.

கண்காணிப்பாளர் அம்மா 'நிரந்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே வேகத்தில் வாசலுக்குப் போய் லாடக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, புதுப் பொண்ணைப் போட்டு இப்படியா வறுத்தெடுப்பீங்க? வேணும்னே கேட்டீங்களா?"

"வேணும்னேதான் மேடம்." அவர் முகமெல்லாம் பூரிப்பு. "பேசுன்னா வாயைத் திறக்கமாட்டா. எதிர்த்துப் பேசினா ஆளை விடவே மாட்டா. பெத்தவனுக்குத் தெரியாதா!"