ஜீப் விளக்கின் வரவேற்பு

தேயிலை மலையில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளை ஏற்றிப் போக ராத்திரியில் ஹெலிகாப்டர் வந்தது. பைலட்டின் முகத்தில் இரவுக் கண்ணாடி இருந்தது. நட்சத்திர வெளிச்சமே அதற்குப் போதும், மரம் மட்டையெல்லாம் பச்சையாகக் காட்டிவிடும்.

கீழே அந்தப் பெண்ணோடு ஒரு ஜீப், மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சத்தம் கேட்டதுமே அதன் முன்விளக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணாந்து பளீரென்று அடித்தது.

"வாங்க, வாங்க! இங்கதான்!"

"ஐயோ, அணைச்சிடு! கண்ணு கூசுது, எனக்கு ஒண்ணுமே தெரியல!" என்று கத்தியது கண்ணாடி.

"தெரியலையா? இதோ!" என்று விளக்கு இன்னும் பிரகாசமாக எரிந்தது.

ஹெலிகாப்டர் சவுக்கு மரங்களை உரசப் பார்த்து, சட்டென்று மேலேறித் திரும்பிவிட்டது.

"போயிடுச்சே!" என்று பதறியது விளக்கு.

"அணைக்கச் சொன்னா அணையேன்," என்றது ஜீப்பின் ஹாரன்.

"இந்த இருட்டுல நானும் அணைஞ்சுட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

ஜீப்புக்குள் அந்தப் பெண் முனகினாள். விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் திரும்பி வந்து பூப்போல இறங்கியது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"அப்பாடா!" என்றது ஹாரன். "இனி நீ எரியலாமே?"

"இரு," என்றது விளக்கு. "இன்னும் மலையைத் தாண்டல."