மாமனார் கேட்ட சாக்ஸபோன்

மாமனாரின் ஜாஸ் ரெக்கார்டைக் கைதவறி உடைத்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கம் இல்லை. கண் ஆபரேஷனுக்குப் போகும்போது, அவனை நம்பி அவர் ஒப்படைத்துவிட்டுப் போனது அது.

"பழசுலேயே இதுதான் ராஜா, மாப்பிள்ளை. மத்தவங்க சாக்ஸபோன் வாசிச்சாங்க, இவன் அதை அழ வச்சான்" என்று ஞாயிறுதோறும் உருகுவார்.

ஊரெல்லாம் அலசி, ஒரு சேகரிப்பாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தன் ரெக்கார்டுகள் அத்தனையையும் ஈடாகக் கொடுத்து, அதே ரெக்கார்டை வாங்கிவந்து பழைய உறையில் வைத்தான்.

வீடு திரும்பிய மாமனார் முள்ளை வைத்துக் கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"சாக்ஸபோன் அழ வேண்டிய இடத்துல பியானோ குதிக்குது! என் ரெக்கார்டை என்ன செஞ்சீங்க?"

"அதேதான் மாமா, லேபிளைப் பாருங்க..."

"எனக்கே காது குத்துறீங்களா? என் ரெக்கார்டு வராம இந்த வாசப்படியை மிதிக்காதீங்க!"

மாப்பிள்ளை சமையலறைக்கு ஓடினான். "அத்தை, சத்தியமா அதே ரெக்கார்டுதான்!"

"தெரியும் மாப்பிள்ளை." மாமியார் குரலைத் தாழ்த்தினார். "அவர் வாங்கிட்டு வந்த அன்னிக்கே, கேக்குறதுக்கு முன்னாடியே, நான் உடைச்சுட்டேன். பயத்துல அதோட லேபிளைப் பிரிச்சு வேற ஒரு ரெக்கார்டுல ஒட்டி வச்சேன். இத்தனை வருஷமா அதைக் கேட்டுத்தான் உருகுறார்."

"அது எந்த ரெக்கார்டு அத்தை? அதையாவது தேடிப் புடிக்கிறேன்!"

"பேர் யாருக்கு ஞாபகம் இருக்கு? மாட்டிக்குவேன்னு அதோட உறையை அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்."