வெறும் வயிற்றில் இருநூற்று எண்பது

பூங்காவை நாலாவது தடவை சுற்றி முடிப்பதற்குள் மேலாளருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஒரு வாரமாக இதே பிழைப்புதான். அலுவலகம் கட்டாயமாக்கிய பரிசோதனையில், வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று எண்பது என்று வந்திருந்தது. அந்தத் தாளை மனைவிதான் முதலில் பிரித்தாள். அன்றே பிஸ்கட் டப்பா மேல் அலமாரிக்குப் போனது, காபி கசந்தது.

"வேலை வேலைன்னு அலைஞ்சா உடம்பு சும்மா இருக்குமா? நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும்."

"ஒரு வாரம் நடந்து பார்க்கறேனே" என்று கெஞ்சித் தப்பித்தார். அலுவலகத்தில் நாற்பது பேரை அதட்டுகிற மனிதருக்கு, வீட்டில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வியர்த்து வழிய வண்டிக்குத் திரும்பினார். டிரைவர் பெரிய தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, கிரீம் பன் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளருக்கு அதற்கு மேல் மனசு கேட்கவில்லை.

"அதைக் கீழ வைப்பா. டாக்டரைப் பார்க்க வேண்டியது நீதான்."

"நான் எதுக்கு சார்?"

"அன்னைக்கு எனக்கு மீட்டிங்னு, என் பேர்ல லேபுக்குப் போய் ரத்தம் குடுத்தது யாரு?"

டிரைவர் பன்னைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார்.

"அப்போ உங்க சர்க்கரை எவ்வளவு சார்?"

மேலாளர் பின் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வண்டியை லேபுக்கு விடு."

"ஒன்பது மணிக்கு மீட்டிங் இருக்கே சார்."

"இந்தத் தடவை ரத்தத்தை நான் குடுத்துக்கறேன். மீட்டிங்குக்கு என் பேர்ல நீ போ."