திலகவதியின் புக்மேக்கர்

1976ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை. மெல்பர்ன் நகரில் சட்டத்தரணி ஆனந்தகுமாரின் அலுவலகம் திறந்த உடனேயே குலேந்திரன் வந்து கதிரையில் அமர்ந்தார்.

“அண்ணை, என்ர மனுசி திலகவதிக்குக் குதிரைப் பந்தயப் பைத்தியம். மூண்டு வருசமாச் சனிக்கிழமை தவறாமல் பத்து டொலர் கட்டித் தோக்கிறா. அவவால விட ஏலாது எண்டு தெரிஞ்சும், பந்தயம் பிடிக்கிற புக்மேக்கர் காசை வாங்கினவன். தோத்த காசுக்கு அவன் பொறுப்போ?”

விளக்கம் சொல்வதென்றால் ஆனந்தகுமாருக்குத் தேநீர் ஆறுவதும் தெரியாது.

“இல்லைத் தம்பி. குடிகாரன் காசைக் கரைச்சால் மதுக்கடைக்காரன் திருப்பிக் குடுக்கிறானோ? இதுவும் அப்படித்தான். அவ தன்ர விருப்பத்தில கட்டினவ. ‘கட்டு, கட்டு’ எண்டு அவன் ஆசை காட்டியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.”

“சீச்சீ! கட்டாதேயும் எண்டு அவன் காலில விழாத குறையாக் கெஞ்சினவன்.”

“அப்படியும் ஒரு புக்மேக்கரோ? ஆர் அந்த மகான்?”

“நான்தான் அண்ணை.”

“நீரோ?”

“பந்தயக் கடையில கட்டச் சொல்லி அவ என்னட்டத்தான் காசு தாறவ. தோக்கிற குதிரைக்கு ஏன் கட்டுவான் எண்டு, ஒரு நாளும் கட்டாமல் நானே சேர்த்து வைச்சனான்.”

“கெட்டிக்காரன்! பிறகேன் வேர்க்குது?”

“சேர்ந்த காசில கலர் டிவி வாங்கினனான், அண்ணை. முந்தநாள் அதுக்கு முன்னால இருந்துதான், தன்ர குதிரை முதலாவதா வந்ததை அவ பார்த்தவ.”