எச்சில் சோதனை

"ஊரெல்லாம் எச்சில் குடுத்திட்டுது. பாண் சுடுற நீங்கள் மட்டும்தான் மிச்சம். என்னப்பா பயம் உங்களுக்கு?"

கிருசாந்தினி அன்றைக்கு இதைக் கேட்பது மூன்றாவது தடவை. லெட்சுமணன், வாசலில் தலையை நீட்டிக்கொண்டு நின்ற கழுதையை விரட்டப் போய்விட்டார்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய பேக்கரி, நாலு வருடத்துக்கு முன் இழுத்து மூடுகிற நிலையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த மகள்தான் அதை நிமிர்த்தினாள். கொழும்பு நிறுவனம் ஒன்று அப்போதுதான் மன்னாரில் மரபணுச் சோதனை நிலையம் திறந்திருந்தது. சின்னக் குப்பியில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், எந்தச் சாப்பாடு யாருடைய உடம்புக்கு ஒத்துவரும், எது வராது என்று ஆறு வாரத்தில் அறிக்கை வரும். ஊர் அதற்கு வைத்த பெயர் எச்சில் சோதனை.

அறிக்கை வந்தவர்கள், அதில் சொன்ன சாப்பாட்டை எங்கே வாங்குவது என்று தெரியாமல் முழித்தார்கள். "எங்கட கடைக்குக் கொண்டு வாங்கோ" என்றாள் கிருசாந்தினி.

தாழ்வுபாட்டில் இருக்கும் கிறிஸ்ரிக்கு உப்புக் குறைத்த பாண். முசலியிலிருந்து வரும் ஸுஹறாவுக்குப் பால் செமிக்காது. அவவுக்குப் பால்மா சேராத பணிஸ். பத்து வருடமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திய ஒரு ரீச்சருக்குக் கோதுமைதான் எதிரி என்று தெரிய வந்தது. அந்த அம்மா இப்போது குரக்கன் ரொட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தபடி பள்ளிக்கூடம் போகிறா. வைத்தியர்களே நோயாளிகளின் கையில் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வவுனியாக் கடைகளும் சரக்குக் கேட்டு வந்தன. இருபது வருடம் எல்லாருக்கும் ஒரே பாண் சுட்ட லெட்சுமணன், இப்போது ஆளுக்கொரு பாண் சுட்டார். வருகிறவர்கள் எல்லாரிடமும், "என்ர மகளின்ர மூளை" என்று சொல்லாமல் ஒரு பொட்டலமும் கட்டியதில்லை.

ஆனால் அவருக்கே சீனி வருத்தம். காலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. குளிசை மட்டும் காணாது, எந்த மாச்சத்து உங்கள் இரத்தத்தில் சீனியை ஏற்றுகிறது என்று பார்த்து அதற்கேற்றபடி சாப்பாட்டை மாற்றச் சொல்லி டொக்டர் எச்சரித்திருந்தார். கிருசாந்தினி கெஞ்சினாள், சண்டை பிடித்தாள், ஒருநாள் அழுதும் விட்டாள். அவர் நேரமில்லை என்றார், மிசின் பொய் சொல்லும் என்றார், செத்தால் போகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார்.

அவள் அழுததுதான் அவரைத் தைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மகள் மா எடுக்கப் போன நேரம் பார்த்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனார். அங்கே உணவு ஆலோசகராக இருந்த றெபேக்கா எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மிஸ், இந்தச் சோதினையில இன்னார் இன்னாற்ற பிள்ளை எண்டு தெரிய வருமோ?"

ஒருவருடைய அறிக்கையில் மட்டும் தெரியாது என்றாள் றெபேக்கா. படிவத்தை நிரப்புகிறவர் தன்னை இரத்த உறவு என்று எழுதியிருந்தால், குடும்பத்துக்குள் வருகிற வருத்தங்களைப் பார்ப்பதற்காக இரண்டு பேருடைய அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அப்போது தெரியும்.

"உங்கட படிவம் தை மாதமே வந்திட்டுது, முதலாளி. கிருசாந்தினி நிரப்பித் தந்தவ. நீங்கள் ஒப்பம் வைக்கிறதுதான் மிச்சம்."

லெட்சுமணன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு, இருபத்தெட்டு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னார். போருக்குப் பயந்து வள்ளத்தில் இந்தியா போய் அகதி முகாமில் இருந்த காலம். பக்கத்துக் கொட்டிலில் பிள்ளை பெற்ற ஒருத்தி காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பிள்ளையைத் தேடி வர ஒரு சொந்தமும் இல்லை. அவரும் மனைவி பாலம்மாவும் பிள்ளையில்லாமல் ஏங்கிக்கொண்டிருந்தவர்கள். ஊர் திரும்பியபோது மகளோடு திரும்பினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாலம்மா கண்ணை மூடும்போது கையைப் பிடித்துக் கேட்டதும் அதுதான்: பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

"புண் என்னத்தையும் செய்யட்டும். அவ என்னை அப்பா எண்டு கூப்பிடேக்க ஒருக்கா யோசிச்சுக் கூப்பிட்டாவெண்டா நான் தாங்கமாட்டன். அந்த இரத்த உறவு எண்டதை மட்டும் வெட்டி விடுங்கோ, மிஸ். அவவுக்குத் தெரியாமல். பிறகு நான் எச்சில் தாறன்."

றெபேக்கா மேசை லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்தாள். பார்த்தாள். அதை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நான் வெட்டுறதுக்கு இதில ஒண்டுமில்லை. நீங்களே வாசியுங்கோ."

லெட்சுமணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

'படிவத்தை நிரப்புபவர் உங்கள் இரத்த உறவா?' என்ற கேள்விக்கு எதிரே, மகளின் உருண்டை எழுத்தில், 'இல்லை' என்று இருந்தது.

அதற்குக் கீழே, 'என்ன முறை?' என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: 'மகள்'.