பேச்சுத் துணை

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தாலே தூங்குவதுபோல் நடிப்பேன்.

இன்றும் நடித்திருப்பேன். ஆனால் கதவு வரை வந்த மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அந்தம்மா என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்க. ஊமை மாதிரி இருந்துடாதீங்க."

அந்தம்மா என் முகத்துக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாருக்கு என்ன தொழில்?"

"பூட்டு ரிப்பேர்."

"சொந்தக் கடையா?"

"ஆமாம்மா."

"குழந்தைங்க?"

"ஒரே பொண்ணு."

"ரொம்பச் செல்லமோ?"

"தலைமேல ஏறி உட்கார்ந்திருக்கா."

அவள் சிரித்தாள். எப்போதுதான் விடுவாளோ?

"வீட்டைப் பூட்டிட்டு, திறக்க முடியாம நிக்கிறவங்க உங்ககிட்ட என்ன கேட்டு வருவாங்க?"

இதென்ன கேள்வி! இருபது வருஷமாக அதைத்தானே அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறேன்? வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அதன் பல், ஓட்டை, வளையம் எல்லாம் கண்ணுக்குள் தெரிகிறது. பெயரைக் காணோம். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் தலைக்கு மேலே பார்த்தாள்.

"டாக்டர், அங்க தொடாதீங்க. பேச்சு அங்கதான் இருக்கு."

திறந்திருந்த என் மண்டைக்குள், கட்டியைத் துழாவிக்கொண்டிருந்த கருவி சட்டென்று விலகியது.

"சாவி!" என்று கத்தினேன்.

அவள் அடுத்த கேள்வியை எடுப்பதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"கடை எங்கேன்னு கேக்கவே இல்லையேம்மா?"