கொல்லையில் நின்ற படகு

படகு கொல்லை வரைக்கும் வரட்டுமென்று வேதையன் அலையாத்திக் காட்டுக்குள் நேராக ஒரு வழி வெட்டியிருந்தான். புயலன்று கடல் அந்த வழியாகத்தான் ஊருக்குள் புகுந்தது. கொல்லையில் கட்டியிருந்த படகுக்கு ஒரு கீறல் இல்லை. அடுத்த வீட்டு அஞ்சம்மாளின் புருஷனைத்தான் கடல் இழுத்துக்கொண்டு போனது.

இப்போது முழங்கால் சேற்றில் நின்று, அதே வழியை அடைத்து வேதையன் அலையாத்தி மரமான கண்டலின் விதைகளை ஊன்றிக்கொண்டிருந்தான். முருங்கைக்காய் நீள விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள் அஞ்சம்மாள். கடைசி வரிசையில் அவள் கை நின்றது.

“அண்ணே, ஒங்க படகு உள்ளதானே கெடக்கு? இதையும் நட்டுட்டா எப்புடி வெளிய எடுப்பீங்க?”

வேதையன் படகின் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. சேறு வழியும் கையை அடுத்த விதைக்கு நீட்டியபடியே நின்றான்.